ஓரெழுத்து

பொதட்டூர்பேட்டையில் என் சொற்கள்
காலை ஷிப்ட் தொடங்கியதும் செத்துப்போகும்.
ஒரு தெருவுக்கு அறுபது தறி.
ஆட்டோவில் மைக் கட்டி மூன்று நாள் சுற்றினேன்,
"இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?" என்று.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
ஆட்டோ ஓட்டிய சஞ்சீவலு மட்டும்
பயந்துபோய்ப் பரிசோதனைக்குப் போய்வந்தான்.
அவனுக்கு ஒன்றுமில்லை.

மாவட்டத்திலிருந்து வந்த சுவரொட்டியில்
ஒரு ஜோடி நுரையீரல், சிவந்து,
காம்பில் தொங்கும் முந்திரிப்பழம் போல.
மேலே தமிழில் இருமல், கீழே தெலுங்கில் தக்கு.
நகரி சாலை டீக்கடையில்
மறுவாரமே அதன்மேல் சீட்டுக் கம்பெனி ஏறிவிட்டது.

திட்ட வரைவில் எழுதியிருந்தேன்:
தடை: அறியாமை.
இப்போது படித்தால் கூசுகிறது.
அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது,
என்னுடையதைவிடப் பழையது.
"பஞ்சு இருமல் மேடம். ஷிப்ட் முடிஞ்சு
ரெண்டு வாழைப்பழம், ஒரு துண்டு வெல்லம்,
எறங்கிடும்."
அப்பாவும் இப்படித்தான் இருமினாராம்,
பெரியப்பாவும்.
எதனால் செத்தார்கள் என்று கேட்டேன்.
"இருமித்தான்."

பிறகு சில நாள் ஒன்றும் சொல்லாமல்
தார் சுற்றும் தேசம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
கூடத்தில் யாரும் பேசவில்லை, பேச்சும் ஓயவில்லை.
சுண்டுவிரல் நீண்டு வாய்க்குப் போனால் டீ.
இரண்டு விரல் கத்தரித்தால் பாவு அறுந்தது.
மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார்.
அவருக்கு மீசை கிடையாது,
அவர் அப்பாவுக்கு இருந்ததாம்.
தமிழில் கிளம்பிய உதடு தெலுங்கில் போய் முடிகிறது,
எதிர்த் தறிக்காரன் நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமலே
தலையாட்டுகிறான்.

இருமலுக்கு என்ன சைகை?
"இருமறதுக்கு எதுக்கு மேடம் சைகை,
இருமுனா போதாதா?"

டீ நேரத்தில் ஏழெட்டுப் பேர் அதற்காகச் சண்டை போட்டார்கள்.
நெஞ்சில் கை வைத்தால் காதல் என்று எடுத்துக்கொள்வானாம்.
கழுத்தைப் பிடித்தால் அடிக்கக் கூப்பிடுவதாம்.
கடைசியில் தேசம்மா தார்க்குச்சியை எடுத்து
நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். இரண்டு வாரம்.
உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். சளி டப்பா.
நான் நான்கு பக்கம் எழுதியது
அவ்வளவுதான்.

ஆய்வுக்கு வந்த பியூலா மேடம் படிவத்தில் இடம் தேடினார்.
சுவரொட்டி, துண்டறிக்கை, வானொலி, தெருக்கூத்து.
ஓரத்தில் "இதர" என்று ஒரு கட்டம்,
ஓரெழுத்துக்குத்தான் போதும்.
கை என்று எழுதினேன்.

முதலாளியிடம் மட்டும் வாயால் பேச முடிந்தது,
கண்ணாடிக் கதவு சாத்திய அறை.
டப்பா கொடுக்கப் போகிற ஒரு மணி நேரத்துக்குக்
கூலி பிடிக்கக்கூடாது என்றேன்.
முன்பணக் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே
"சூத்தாம்" என்றார்.
பார்க்கலாம் என்பதற்கு எந்த மொழியிலும்
அதே அர்த்தம்தான்.

பழம் வேண்டாம் என்று நான் சொன்னதேயில்லை.
முதலில் டப்பா, அப்புறம் பழம் என்கிறேன்.
இன்று போகும்போது ஒரு சீப்பு வாங்கிக்கொண்டும் போனேன்.

புதன்கிழமை ஒன்பது டப்பா வந்தன.
நான்கில் வெறும் எச்சில்.
லேப் பாவனி தலையில் அடித்துக்கொண்டாள்.
எழுந்ததும், வாய் கொப்பளித்து,
மூச்சை இழுத்துப் பிடித்து,
அடிநெஞ்சிலிருந்து வரவேண்டும்.
இதற்குக் கையில் எப்படிச் சொல்வது?
நாளைக் காலை மறுபடி போய்
சண்டை போட வைக்கவேண்டும்.

மீதி ஐந்தில் ஒன்றின் மூடியில்
நீலப் பேனாவால் "தே" என்று இருந்தது.
கெட்டியான சளி. சரியான முறையில் எடுத்தது.
அவள் இருமி நான் கேட்டதில்லை.
அந்தச் சத்தத்தில் எங்கே கேட்பது.
வெள்ளிக்கிழமைதான் தெரியும்.